கொடிகாமத்தில் கரையும் ஐஸ்

வெள்ளிக்கிழமை, கொடிகாமம் சந்தை. கரவெட்டிக்குப் போகும், மரக்கூடு கட்டிய பழைய தட்டிவானில் ஆட்கள் நிறைந்து வெகுநேரமாகிவிட்டது. சாரதி மட்டும் எதிர்க்கடையில் ஆறுதலாகப் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கிறார். ராகுகாலமாம். பன்னிரண்டு மணிக்குத்தான் வானை எடுப்பாராம்.

என் பக்கத்தில் ஒரு மருத்துவிச்சி. அவர் மடியிலுள்ள நீலப் பெட்டிக்குள் போலியோச் சொட்டு மருந்தும் ஐஸும் இருக்கின்றன. யுத்தத்தால் மின்சாரமே இல்லாத இந்த நாட்களில் அந்த ஐஸுக்கு எங்கெல்லாம் அலைந்தாரோ! அது கரைந்து அவர் சேலையை நனைக்கிறது.

"அண்ணை, ஐஸ் கரைஞ்சால் மருந்து பழுதாய்ப் போடும். அங்கை தாய்மார் பிள்ளையளோடை பாத்துக்கொண்டு நிக்கினம். எடுங்கோவன்!" என்று மறுபடியும் கத்துகிறார்.

"நல்ல காரியத்துக்குப் போறியள். கெட்ட நேரத்திலை வெளிக்கிடலாமே, தங்கச்சி?"

வாழைக்குலையோடு இருக்கும் பெரியவரும் "ஓம், ஓம்" என்று தலையாட்டுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மருத்துவிச்சி ஒரு வெங்காயச் சாக்கை வாங்கிப் பெட்டியைச் சுற்றுகிறார்.

அப்போது கடலேரிப் பக்கமிருந்து, சுட வரும் இராணுவ ஹெலிகொப்ரரின் சத்தம் கேட்கிறது. சந்தை சிதறி ஓடுகிறது. சாரதி பாய்ந்து ஏறி, வானை எடுத்துக்கொண்டு பறக்கிறார். ராகுகாலம் முடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. பெரியவரோ வாழைக்குலையைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்.

குலுங்கும் வானில் பெட்டியை இறுக அணைத்தபடி மருத்துவிச்சி என்னிடம் சொல்கிறார்:

"நான் கெஞ்சியும் வானை எடுக்கேல்லை. பாருங்கோ, உவருக்கு ஹெலி வந்து சொல்லவேண்டிக் கிடக்கு."