எல்லார் காலும் தரையிலதான்

போன வியாழக்கெழம எங்க ஊட்ல அடுப்பு எரியலீங்க.

காரணம்? எம் பொண்டாட்டி மகேசுக்கு மறுநா சேலத்துல வைவா. வைவான்னா பரீட்சைதான்... பேப்பரு கெடையாது. வாத்தியாரு மூஞ்சியப் பாத்துக் கேப்பாரு, வாயால சொல்லோணும்.

மகேசு லேப் டெக்னீசியன் படிக்கறா. நான் எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டுட்டு, மலை மேல ஒண்டிக்கடைக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஷேர் ஜீப்பு ஓட்டறவன். ஊட்ல ஒருத்தரு படிச்சாப் போதாதா?

எழுதச் சொன்னா எல்லாம் எழுதிருவா. எதுத்தாப்ல ஒருத்தரு நின்னு கேட்டா – நாக்கு ஒட்டிக்கும். போன தடவ, "எபிதீலியம்னா என்னம்மா?"ன்னு கேட்டதுக்கு, வாத்தியாரோட சட்டப் பொத்தானையே பாத்துட்டு நின்னு பெயிலாயிட்டா. இத்தனைக்கும் அவ கத்திக் கத்திப் படிச்சதுல மொத வரி எனக்கே மனப்பாடம். செல்லெல்லாம் நெருக்கியடிச்சு இருக்கும்... அம்புட்டுதான்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பே வேண்டாங் மாமா. அம்மா கூட எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போறேன்"னு கண்ணத் தொடச்சா.

எனக்கும் பயந்தான். வெளிய காட்டுவனா? "அங்கயும் மேஸ்திரி கேள்வி கேப்பாரு புள்ள"ன்னேன். சொம்பு பறந்து வந்துச்சு.

சரி, ஏறு ஜீப்புலன்னு கூட்டிட்டுப் போயிட்டேன். சாயங்கால ட்ரிப்பு. எங்க ஜீப்புல ஒருத்தரு இருமுனா ஜீப்பே இருமும், அத்தன கூட்டம்.

"எபிதீலியம்னா என்ன, சொல்லு புள்ள?"

பக்கத்துல உக்காந்திருந்த காப்பி எஸ்டேட் மாரக்கா, "அது என்ன கண்ணு, காய்ச்சலா?"ன்னாங்க. மகேசு அந்தப் பக்கம் திரும்பிட்டா.

நான் சும்மா இருப்பனா? "இல்லீங்க்கா. ஒடம்புல செல்லெல்லாம் காத்தாட, தள்ளித் தள்ளி உக்காந்திருக்கறது."

"தப்பு!"

அட... வாயி தொறந்துருச்சு!

"எடமே இருக்காதுங் மாமா. இந்த ஜீப்பாட்டம் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். அடியில மெல்லிசா ஒரு சவ்வு, அதும் மேல உக்காந்திருக்கும். வெளிய தோலு, உள்ள குடலு, குழாயி எல்லாத்துக்கும் அதான் போர்வை, அதான் காவல்."

"நடுவுல ரத்தக்குழாயி ஓடுமே?"

"ஓடாதுங்! கீழ இருக்கற திசுவுல இருந்து சத்து ஊறி வரும்."

அப்பறம் நிறுத்தவே முடியலீங்க. தட்டையா இருந்தா நுரையீரல் காத்துப்பையில – காத்து லேசாப் பூந்து போக. டப்பாவாட்டம் இருந்தா கிட்னிக் குழாயில. தூணாட்டம் நெட்டையா நின்னா குடல்ல – சத்த உறிஞ்ச.

மாரக்கா உள்ளங்கைய நீட்டுனாங்க. "இது ஏன் கண்ணு காச்சுக் கெடக்குது?"

"அது பல அடுக்குங்க்கா. மேல இருக்கறது செத்து உதுந்துட்டே இருக்கும், அடியில புதுசு வந்துட்டே இருக்கும். கெளை உரசி உரசி உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் தடிச்சிருக்குது."

மாரக்கா கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க... யாரோ புதுசா வாங்கிக் குடுத்த மாதிரி.

"அப்ப பின்னாடி பாரு புள்ள, ஒருத்தரு தல ஒசரத்துல தெரியுது, இன்னொருத்தரு தல அதுக்குக் கீழ தெரியுது. ரெண்டு அடுக்கு!"

"ஐயோ, தப்புங் மாமா! நெட்டையும் குட்டையுமா இருக்கறதுனால அடுக்காட்டம் தெரியுது. எல்லார் காலும் தரையிலதான இருக்குது? அப்ப ஒரே அடுக்குதான். அதுக்குப் பேரே பொய்யடுக்கு."

ஜீப்பே குனிஞ்சு அவங்கவங்க காலப் பாத்துச்சு.

மறுநா அடிவாரத்துல காத்துக் கெடந்தேன். சேலம் பஸ்ஸு வந்துச்சு. எறங்குனா – மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"மைக்ராஸ்கோப்புல மூச்சுக்குழாயிங் மாமா. எத்தன அடுக்குன்னு கேட்டாரு. நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்ப உங்க மூஞ்சி வந்து, 'ரெண்டு அடுக்கு புள்ள'ன்னுச்சு. எனக்கு வந்துச்சே கோவம்... 'தப்பு! எல்லார் காலும் தரையிலதான் இருக்குது'ன்னு கத்திப்புட்டேன். அப்பறம் தூசியக் கூட்டித் தள்ற குறுஇழை வரைக்கும் கடகடன்னு வந்துருச்சு. வாத்தியாரு சிரிச்சுப்புட்டு, பாஸுன்னே சொல்லிட்டாரு!"

ஜீப்பு மலை ஏறுது. தோள்ல சாஞ்சுக்கிட்டு மெதுவாக் கேட்டா: "எனக்காவ வேணும்னேதான தப்புத் தப்பாச் சொன்னீங்க?"

"பின்ன என்ன புள்ள!"ன்னேன்.

அவகிட்ட சொல்லிப்புடாதீங்க – வேணும்னு சொன்னது அந்த மொதத் தப்பு மட்டுந்தான்!