குளிரில் வேலையை நிறுத்திய ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜைக் குளிரில் வைத்தால் கரண்ட் மிச்சமாகும் என்று கண்டுபிடித்தவர் என் கணவர். பாலங்களுக்குக் கணக்குப் போடும் என்ஜினியர். எழுபதுகளின் தொடக்கத்தில் கனடாவில், மாண்ட்ரியால் நகரத்தின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். சமையலறைக்குப் பின்னால் கண்ணாடி அடைத்த பால்கனி. அங்கே ஹீட்டர் கிடையாது. "வெளியிலேயே இவ்வளவு குளிர். உள்ளே வெச்சு மோட்டாரை எதுக்கு ஓட்டணும்?" என்று குளிர் தொடங்கும்போதே ஃபிரிட்ஜை அங்கே தள்ளிவிட்டார். ஜனவரியில் கீழ்த்தட்டில் இருந்த பால்கூடக் கல்லாகிவிட்டது. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பாலை உடைத்துக் காய்ச்சியவள் நான்.

கீழ்வீட்டில் இன்னொரு தமிழ்க் குடும்பம். அந்தப் பெண் சென்னையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது அவள் மனதில் ஊறிப்போயிருந்தது. கணவனுக்கு லீவு கிடையாது. தனியாகப் போனால், பிள்ளை பிறந்து பல மாதம் கழித்துத்தான் அப்பா அதன் முகத்தைப் பார்ப்பார். போகவும் மனமில்லை, இருக்கவும் தைரியமில்லை. தினமும் மாடியேறி வந்து என்னிடம் அழுவாள். ஏழாம் மாதம் தாண்டினால் விமானத்தில் போகக்கூடாது என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார்.

"வளைகாப்பை நான் செய்யறேன். உங்கம்மா செஞ்சா எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். அதுக்கப்புறம் முடிவு பண்ணு," என்றேன். அவள் போய்விட்டால் அந்தத் தெருவில் எனக்குத் தமிழ் பேச ஆளில்லை. அதற்காகவும்தான் சொன்னேன்.

வளைகாப்புச் சாப்பாட்டில் அவள் மிகவும் ஆசைப்பட்டது தேங்காய்ச்சாதம். மாண்ட்ரியாலில் அப்போது கிடைத்த தேங்காயில் பாதி உள்ளே அழுகியிருக்கும். நல்லதாக வாய்த்ததையெல்லாம் துருவி, பொட்டலம் கட்டி, குளிர்காலம் முழுக்க ஃப்ரீஸரில் சேர்த்து வைத்தேன்.

மார்ச் கடைசியில் தெருவில் பனி உருகத் தொடங்கியது. வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு ஃப்ரீஸரைத் திறந்தால், பொட்டலங்களிலிருந்து தண்ணீர் வழிகிறது. புளித்த வாடை. கத்திக் கூப்பிட்டேன்.

என் கணவர் ஓவர்கோட்டோடு பால்கனிக்கு வந்தார். பிளக்கைப் பிடுங்கி மாட்டினார். உள்ளே பல்பு எரிந்தது. குமிழைத் திருகினார். பின்பக்கக் கம்பிகளில் இருந்த தூசியைத் துடைத்தார். கதவு இறுக்கமாக மூடுகிறதா என்று காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்தார். கடைசியில் ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கம்ப்ரஸர் போச்சு," என்று தீர்ப்பு சொன்னார்.

"போச்சுன்னா என்னங்க அர்த்தம்? நாளைக்கு மறுநாள் வளைகாப்பு!"

"கழட்டிப் பார்க்கறேன். ஆனா இங்கே விரல் மரத்துப்போகுது."

கீழ்வீட்டுக் கணவனைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகச் சாப்பாட்டு மேஜையை நகர்த்தி, ஃபிரிட்ஜைச் சமையலறைக்குள் இழுத்து வந்தார்கள். பிளக்கை மாட்டிவிட்டு, கதவைத் திறந்துபோட்டுத் துடைத்தேன். இவர் ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அது வைத்த இடத்தில் என்றைக்கு இருந்தது? அது கிடைப்பதற்குள், யாரும் தொடாமலே, ஃபிரிட்ஜ் கொர்ரென்று ஓடத் தொடங்கியது.

இவர் ஃபிரிட்ஜையும் பால்கனியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"கீழ்த்தட்டுல இருக்கிற குமிழ், அங்கே சூடு ஏறினாத்தான் மோட்டாரைப் போடும். பால்கனிக் குளிர்ல, இங்கதான் ஜில்லுனு இருக்கே, எதுக்கு ஓடணும்னு அது சும்மா இருந்திருக்கு. மேல ஃப்ரீஸர் உருகறது அதுக்குத் தெரியாது. ஜனவரியில ஃப்ரீஸரை உறைய வெச்சது நம்ம ஃபிரிட்ஜ் இல்லை, மாண்ட்ரியால்."

"உங்க பாலமெல்லாம் நிக்குதா?" என்று கேட்டேன். கோபத்தில் கேட்டதுதான், ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தேங்காயெல்லாம் குப்பைக்குப் போயிற்று. மறுநாள் காலையில் அவரே பஸ் ஏறிக் கடை கடையாகப் போனார். ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்து வாங்கி வந்து, பால்கனியில் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்தார். அழுகியது போக மிஞ்சியதைத் துருவினேன். ஒரு பெரிய பாத்திரம் நிறைய வந்தது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

வளைகாப்பு கீழ்வீட்டில் நடந்தது. தேங்காய்ச்சாதத்தை அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆனால் ஊருக்குப் போவதா வேண்டாமா என்று வாய் திறக்கவில்லை. கேட்கவும் எனக்குப் பயமாக இருந்தது. வந்தவர்கள் கிளம்பினார்கள். நான் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் கை நிறைய வளையலோடு, ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறத் தொடங்கினாள்.

"எங்கேடி போறே?"

"வளைகாப்பு முடிஞ்சா அம்மா வீட்டுக்குத்தானே அக்கா போகணும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, மாடிக் கதவைத் திறந்துவிட அவளுக்கு முன்னால் ஓடினேன்.