இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

மம்சாபுரம் அய்யூப் ஓட்டிய குட்டியானை மினிலாரிக்கு எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில். சீட்டில் முட்டையை வைத்தால் கூமாப்பட்டி போய்ச் சேருவதற்குள் குஞ்சு பொரித்துவிடும் என்பான். டீசல் வாசத்தைக் காட்டினாலே வண்டி மதுரை வரைக்கும் ஓடும் என்றும் அளப்பான். உண்மையில் அவன் செய்தது, இறக்கம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுவது. அந்தப் பக்கத்து டிரைவர்களில் பாதிப் பேர் செய்வதுதான்.

"ஏலே, எஞ்சின அமத்திட்டா பிரேக்கு கல்லு மாதிரி ஆயிரும்லா," என்பான் லோடுமேன் நம்பி. தேங்காய்க் குவியல் மேல் உட்கார்ந்து வருகிறவன் அவன்தான்.

"பயமா இருந்தா எறங்கி ஒம் பொண்டாட்டி சேலையப் புடிச்சுக்கிட்டு நடந்து வாலே."

அன்றைக்கு லோடு கூடுதல். ராஜபாளையத்துப் பாலத்து இறக்கத்தில் அய்யூப் வழக்கம்போல எஞ்சினை அணைத்தான். எதிரே ஒரு பள்ளிக்கூட ஆட்டோ திரும்பியது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தும் பிரேக் பிடிக்கவில்லை. ஆட்டோவுக்கு விலக ஸ்டியரிங்கை ஒடித்தான், வண்டி கவிழ்ந்தது. ரோட்டில் விழுந்த நம்பியின் மேல் அத்தனை தேங்காயும் சரிந்தன.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நம்பி கண் திறக்கவே இல்லை. அவன் மனைவி கமலவல்லி அய்யூப்பின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க பேசுனா அவிய சிரிப்பாவல்லா. செத்த நேரம் பேசிப் பாருங்க, முழிச்சிருவாவ."

அய்யூப் அவன் காதருகே குனிந்தான்.

"ஏலே நம்பி, ஒந் தலையில விழுந்த காய் அம்புட்டும் ஒடஞ்சு போச்சு. பிள்ளையாருக்குச் செதறுகாய் போடுதேன்னு நேந்துருந்தியோ?"

ஒன்று முடிந்ததும் இன்னொன்று சொன்னான். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, போர்வையை இழுத்து நம்பியின் முகத்தை மூடினாள். அய்யூப் போர்வைக்கு மேலேயே குனிந்து அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான்.