பதினெட்டுக்கும் அறுபதுக்கும் நடுவில் ஒரு பஸ்

அக்கா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றிருந்தாள். பள்ளி வேன் வந்தது, வேகம் குறையாமல் போனது. டிரைவர் மட்டும் கை காட்டினார். அக்காவும் கை காட்டிவிட்டு, "நாளைக்கு நிக்கும்" என்றாள். அவளுக்கு அறிவு வளர்ச்சியில் குறைபாடு உண்டு. பதினெட்டு முடிந்ததும் சிறப்புப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரமாக இதே கதை. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் தோன்றியது: இந்த வேன் போனால் போகட்டும், இவள் வயசுக்கென்று வேறொரு வேன் எங்கேயாவது ஓடிக்கொண்டுதானே இருக்கும்?

வாயில் நுரையோடு உள்ளே ஓடி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நீளமாக ஒரு கோடு போட்டேன். இந்த முனை பிறந்த குழந்தை, அந்த முனை எண்பது வயசு. பரீட்சைக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த காலம். எந்த வயசுக்கு எங்கே என்ன உதவி உண்டு என்று போன் போட்டுக் கேட்டுக் கோட்டில் குறிக்க நேரம் நிறைய இருந்தது. எங்கே கேட்டாலும் முதல் கேள்வி வயசுதான். பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, பள்ளிக்கூடம் என்று இடது முனை நெருக்கியடித்தது. வலது முனையில் முதியோருக்கு ஒன்றிரண்டு. நடுவில் வெறும் தாள்.

அம்மா எட்டிப் பார்த்து, "நடுவுல என்னாடி, மழையில அழிஞ்சி போச்சா?" என்றாள்.

திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். அக்காவோடு போய் நின்றேன். வரிசை நகர்வதாக இல்லை. தாளை விரித்ததும், பின்னால் நின்ற பரங்கிப்பேட்டை அம்மா ஒருவர் கழுத்தை நீட்டினார்.

"இது என்னம்மா, ரயில்வே லைனா?"

விவரம் சொன்னேன்.

"எம் மவனுக்கு இருவத்தாறு. சிதம்பரத்துல ஒரு பயிற்சி மையத்துக்குப் போறான். போர்டு சின்னதா இருக்கும், யாருக்கும் தெரியாது. இத எழுது மொதல்ல."

முன்னால் ஊன்றுகோலோடு நின்றவர் திரும்பி, கம்மாபுரம் பக்கம் ஒரு தையல் பயிற்சி இருப்பதாகச் சொன்னார். பேனா கை மாறியது. நாங்கள் மேஜையை அடைவதற்குள் நடுப்பகுதி பாதி நிரம்பிவிட்டது. இத்தனை நாள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாளே சிதம்பரம். மையத்தில் பத்துப் பதினைந்து பேர் காகித உறை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் அம்மா அக்காவிடம், "உனக்கு என்னம்மா புடிக்கும்?" என்றார்.

"கவர் நல்லா ஒட்டுவா மேடம், கலர் அடிப்பா, பாசி கோப்பா..." என்று நான் முந்திக்கொண்டேன்.

"நான் ஒங்கள கேக்கல."

அக்கா யோசித்து, "பஸ்" என்றாள்.

எனக்குக் காது சுட்டது. ஊரெல்லாம் கேட்டவள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொறுப்பாளருக்கோ சிரிப்பு. "நல்லதாப் போச்சு. தெனம் வீட்டு ஆளு கூட்டியாந்தா கொஞ்ச நாள்ல அலுத்துப்போய் நிறுத்திடுறாங்க. அவளாவே பஸ்ல வரணும். ஒரு மாசம் பழக்குங்க. வந்துட்டான்னா எடம் உண்டு."

முதல் வாரம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் பின் சீட்டுக்குப் போனேன். அக்கா கண்டக்டரைக் கூப்பிட்டு, "அது எந் தங்கச்சி, சின்னப் புள்ள, பாத்துக்குங்க" என்றாள். மூன்றாவது வாரம் நடுவழியில் முட்லூரில் கும்பல் இறங்க, அவளும் இறங்கிவிட்டாள். நான் குதித்து ஓடினேன்.

"எல்லாரும் எறங்குனாங்கல்ல?"

பள்ளி வேனில் அதுதான் சட்டம்: மற்றவர்கள் இறங்கினால் தானும் இறங்க வேண்டும். எத்தனை தடவை நிறுத்தங்களை எண்ணச் சொன்னாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. கடைசியில் கைகொடுத்தது பரங்கிப்பேட்டை அம்மாவின் மகன். அதே மையத்துக்குப் போகிற அவர், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து முட்லூரில்தான் எங்கள் பஸ்ஸில் ஏறுவார். அவர் ஏறினால் அக்கா இறங்கக் கூடாது. அவர் இறங்கும்போது இறங்க வேண்டும். இப்போது அவருக்கு ஜன்னலோர சீட்டில் பை போட்டு இடம் பிடிப்பதே அக்காவுக்குப் பெரிய வேலை.

நாளையோடு மாதம் முடிகிறது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் அவளை மட்டும் ஏற்றிவிட்டு, நான் அடுத்த பஸ்ஸில் போவதாகத் திட்டம். இதைச் சொன்னதும் அக்கா பையை எடுத்து வாசற்படியில் வைத்தாள்.

"அடுத்த பஸ்ஸுல வா. எம் பஸ்ஸுல ஏறிடாத பாப்பா."