இரண்டாவது கையெழுத்து

எனக்கு எழுபத்தாறு வயது. மூன்று பேரை வளர்த்தேன். மகளைக் கடல் கொண்டுபோனது. மூத்தவன் இங்கே சுவிஸில், ஆராவில் இருக்கிறான், நானும் அவனோடுதான். இளையவனைப் பற்றித்தான் இப்போது வீட்டில் பேச்சு.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும். ஆனாலும் என் பெயரை நானே எழுதுவேன். எங்கேயும் பெருவிரல் அடையாளம் வைத்தவள் இல்லை.

போன கிழமை ஊர் அரசாங்கக் கந்தோரிலிருந்து நாலு தாளில் ஒரு படிவம் வந்தது. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் கேட்கும் படிவம். தாய் கையெழுத்து வைக்க வேண்டுமாம். ஊர்க் காணி தம்பியின் பெயரில் கிடக்கிறது, சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது, அவனுக்கு ஒரு திவசமாவது செய்ய வேண்டாமா என்று மூத்தவன் கேட்டான். பொறுமையாகத்தான் கேட்டான். படிவத்தை மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு பேனையையும் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். அந்தப் பேனையால்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு நடந்ததில் பாதிதான் தெரியும். அப்போது அவன் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்.

கடல் ஊருக்குள் வந்த அன்று நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் இருந்தோம். மகளை நானே கண்டெடுத்தேன். இளையவனைக் காணவில்லை. பள்ளிக்கூடத்தில் முகாம். பத்தாம் நாள் தெரிந்தவர் ஒருவர் வந்து, இடுப்பில் அவனுடைய நீலச் சாரத்தோடு ஒரு உடலைக் குழியில் போட்டதைக் கண்டதாகச் சொன்னார். நான் நம்பினேன். இறந்தவர்களின் பட்டியல் எழுதிய பிள்ளை என் பெருவிரலுக்கு மை நீட்டினாள். அதைத் தள்ளிவிட்டு, பேனையை வாங்கி, அவன் பெயருக்கு நேரே என் பெயரை எழுதினேன். சுற்றி நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்று அந்த நேரத்திலும் எனக்கொரு பெருமை. இதை ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து படையல் வைத்தோம். பிணம் மிதந்த கடல் என்று ஒருவரும் மீன் தொடாத காலம். பூசணிக்காய்க் கறிதான் வைத்தேன்.

நாற்பதாம் நாள் தலையில் கட்டோடு அவன் முகாம் வாசலில் வந்து நின்றான். வவுனியா ஆஸ்பத்திரியில் தன் பெயர்கூடச் சொல்லத் தெரியாமல் கிடந்திருக்கிறான். நான் வாய் திறக்குமுன் யாரோ அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்.

"எனக்கு என்ன படைச்சனீங்கள் அம்மா?"

"பூசணிக்காய்."

"செத்தாப் பிறகும் எனக்குப் பூசணிக்காயோ? ஒரு மீன், ஒரு கணவாய் கிடைக்கேல்லையோ?"

முகாமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

வெளிநாட்டார் வீடு கட்டித் தந்தார்கள். யன்னலைவிடக் கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை பெரிது. மூன்று மாரி கண்ட வீடு, சண்டையில் ஷெல் விழுந்து கூரை போனது. நடந்தோம். கடைசியில் இராணுவத்தின் பக்கம் வந்தபோது இளம் ஆண்களை வேறாக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவார்களாம். மற்றத் தாய்மார் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு குழறினார்கள். கடலுக்குள் போய் வந்தவன் இதிலிருந்தும் வருவான் என்று நான் நிமிர்ந்து நின்றேன். அவன் யன்னலால் தலையை நீட்டினான்.

"இந்தமுறை அவசரப்பட்டுப் படைச்சிடாதேங்கோ அம்மா."

அதற்குப் பிறகு அவன் குரலைக் கேட்கவில்லை.

மேல்மாடிச் சுவிஸ்காரி விடுமுறைக்கு எங்கள் தீவுக்குப் போய்வந்தவள். கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்துப் படம் காட்டினாள். கடல் மிகவும் அழகாம், கூட வந்த பேத்தி, மூத்தவனின் மகள், தமிழில் சொன்னாள். ஓம் என்றேன். அவளுக்கு வேறென்ன சொல்வது?

நேற்று மூத்தவன் திரும்பவும் கேட்டான். இத்தனை வருடம் கழித்தும் அவன் வருவான் என்று நினைக்கிறேனா என்றான். வருவான் என்று நான் சொல்லவில்லை. நான் விசரி இல்லை.

"கொண்டுபோனவங்கள் வைக்கட்டும் கையெழுத்தை. நான் ஒருக்கா வைச்சிட்டன்," என்றேன்.

விளங்காதவன்போல் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

படிவத்தின் பின்பக்கங்கள் வெறுமையாக இருந்தன. நாலு தாளிலும் எழுதி முடித்துவிட்டேன், இனி அதை ஒரு கந்தோரும் எடுக்காது. பேத்தி சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கிறவள். அவளைக் கூப்பிட்டேன்.

"இதை ஒருக்கா வாசி பிள்ளை. உரத்து வாசி. கொப்பா குசினிக்குள்ள நிக்கிறான், அவனுக்கும் கேக்கட்டும்."