அண்ணைக்கு மேல் தட்டில் ஓர் இடம்

இந்த நாட்டில் இரண்டு தட்டு ரயிலுக்குச் சீட்டு எடுப்பதும் மாப்பிள்ளை பார்ப்பதும் ஒன்றுதான். கைபேசியைத் திறந்தவுடன் விசாரணை தொடங்கிவிடும். மேல் தட்டா, கீழ்த் தட்டா? யன்னலா, நடைவழியா? போகும் திசையைப் பார்த்தா, முதுகு காட்டியா? கொடிகாமத்தில் பஸ் யன்னலுக்குள்ளால் கைக்குட்டையை எறிந்து இடம் பிடித்தவள் நான். பிரான்சுக்கு வந்து இருபத்தைந்து வருடமாகியும் ஓர் இருக்கையைத் தெரிவுசெய்ய எனக்கு அரைமணி நேரம் வேண்டும்.

போன வசந்தத்தில் மகள் ஆரணியின் கலியாண எழுத்து, அதாவது பதிவு, லியோனில் நடந்தது. மாப்பிள்ளைக்கு அங்கேதான் வேலை. பாரிஸிலிருந்து ஐந்து பேர் புறப்பட்டோம்: நான், ஆரணி, ஊரிலிருந்து வந்திருந்த என் அண்ணை, மாப்பிள்ளையின் தாய் தகப்பன். தகப்பன் மரியதாசன் குருநகர் ஆள். பதினாலு வயதிலிருந்து கடலுக்குப் போனவர், இப்போது சலவைத் தொழிற்சாலையில் நிற்கிறார். இந்தச் சம்பந்தத்தைச் சொன்னபோது அண்ணை தொலைபேசியில், "காலம் மாறிப்போச்சு தங்கச்சி, உந்தச் சாதியெல்லாம் நான் பாக்கிறேல்லை" என்றார். அதை நான் பத்துப் பேருக்குச் சொல்லிப் பெருமையடித்தேன். கணவர் இல்லாத வீட்டில் சாட்சிக் கையெழுத்து வைக்க அவர்தான் இருந்தார்.

அண்ணைக்கு முழங்கால் வருத்தம். அதனால் எங்கள் மூவருக்கும் கீழ்த் தட்டில் எடுத்தேன். சம்பந்திகளுக்கு மேலேதான் இடம் கிடைத்தது. முழங்காலை நினைத்த எனக்கு அண்ணையின் தலையை நினைக்கத் தோன்றவில்லை. அவர்கள் படியேறுவதைப் பார்த்தவுடன் அவருடைய முகம் கறுத்தது.

"உவை மேலை, நான் கீழையோ?"

"அண்ணை, உங்கடை முழங்கால்..."

"என்ரை முழங்காலை நான் பாப்பன். உவையின்ரை காலுக்குக் கீழை இருந்து நான் வரமாட்டன். இறங்கிறன். எழுத்துக்கு வேறை ஆளைப் பார்."

பக்கத்தில் இருப்பதென்றால் பரவாயில்லையாம், பஸ்ஸில் பழகிவிட்டதாம். கீழே இருப்பதுதான் ஆகாதாம். விசாவுக்காக வாசல் வாசலாகக் குனிந்து நின்ற மனிதர். விமானத்தில் யார் சமைத்தது என்று கேளாமல் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்ட மனிதர். மானம் ரயிலேறிய பிறகுதான் வந்தது.

சத்தம் கேட்டுச் சீட்டுப் பரிசோதகப் பெண் வந்தாள். கால் ஏலாதவர் ஏன் மேலே போக வேண்டும் என்று கேட்டாள். "அவருக்கு வயல்வெளி பார்க்க ஆசை" என்று பிரெஞ்சில் பொய் சொன்னேன். "விவசாயியா? பாவம்!" என்று மனமிளகி அண்ணையின் பையைத் தானே தூக்கிக்கொண்டாள்.

மேல்படியில் மரியதாசன் நின்றார். அவருக்குத் தமிழும் விளங்கும், பிரெஞ்சும் விளங்கும்.

"அண்ணை, எங்கடை இடத்திலை இருங்கோ. நானும் மனிசியும் கீழை வாறம். மேலை எனக்குத் தலை சுத்துது."

அண்ணை கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் முனகி, மேலே போய்ச் சேர்ந்தார். வயல்வெளி தொடங்க முன்னரே நித்திரையாகிவிட்டார் என்று பிறகு பரிசோதகர் சிரித்தபடி சொன்னாள்.

ஆரணி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"கடலிலை நிண்ட மனிசனுக்கு ரயிலிலை தலை சுத்துமோ அம்மா?"

"கையெழுத்துக்கு ஆள் வேணுமே பிள்ளை."

"எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டாம். பெரியமாமா கேட்டார், சரி. ஆனா அவரை மேலை ஏத்தினது நீங்கள்."

சொல்லிவிட்டு மாமியாருக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். அண்ணையை இவ்வளவு நேரம் மனதுக்குள் திட்டிய நான் செய்ததென்ன? அவருடைய சாதித் திமிருக்கு நல்ல பிரெஞ்சில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்திருக்கிறேன்.

இப்போது எனக்கு மிஞ்சிய இருக்கை மேலே, அண்ணைக்குப் பக்கத்தில். படியில் ஏறினேன், பாதியில் கால் நின்றுவிட்டது. கீழே மரியதாசன் ஒரு தோடம்பழத்தை உரித்து ஆரணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பரிசோதகர் திரும்பவும் வந்தாள்.

"படியில் நிற்கக் கூடாது மதாம். உங்கள் இடம் மேலேயா, கீழேயா?"

அவள் கேட்டது நன்றாக விளங்கியது. கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.