அம்மா தோய்த்த கூடாரம்

1. எங்கள் பருத்திக் கூடாரத்தை அம்மா குளியல் தொட்டியில் போட்டுத் தோய்த்துவிட்டார்.
2. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
3. நவம்பரில் அம்மா, தங்கை, நான் மூவரும் அந்தக் கூடாரத்தோடு வள்ளத்தில் ஏறினோம்.
4. மழை வந்தது.

அந்தப் பயணம் தங்கைக்காக. பள்ளிக்கூடப் பிள்ளையான அவளுக்கு, குளிர்காலத்திலும் என்னோடு வள்ளத்தில் போய் ஏரிக்கரைகளில் தங்க ஆசை. கோடையில் அம்மா மறித்ததில்லை. குளிர்காலம் என்றதும், “நான் ஒருக்கா வந்து படுத்துப் பாத்திட்டுத்தான் சொல்லுவன்” என்றுவிட்டார். அவள் வருவதும் வராததும் அந்த ஓர் இரவைப் பொறுத்திருந்தது.

நான் இயந்திரப் பொறியாளர். எதையும் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். கூடாரத்துக்குள் வைக்கும் சின்ன விறகடுப்பு, புகையைக் கூரை வழியே வெளியேற்றும் புகைக்குழாய், உலர்ந்த விறகு, உயிர்காப்பு அங்கிகள் எல்லாம் பார்த்தேன். கூடாரத்தை மட்டும் விரித்துப் பார்க்கவில்லை. வசந்தத்தில் கொட்டிய மழையில் ஒரு சொட்டும் விடாத துணி அது. குளிர்நாட்களில் நைலோன் கூடாரத்தின் உட்சுவரில் நம் மூச்சே நீராகி நம் தலையில் சொட்டும். பருத்தி அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பாரம் அதிகம்தான், ஆனால் சுமப்பது வள்ளம்.

பேர்லினுக்கு வடக்கே ஓர் ஏரிக்கரையில் துணியை விரித்தபோது பூ மணம் அடித்தது. தங்கை என்னைப் பார்க்காமல் முளை அடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதைத் தோய்ச்சனீங்களோ?”

“பின்ன? புகை நாத்தத்துக்குள்ள நான் படுக்கிறதோ? தூள் போட்டு, வாசத்துக்கும் ஊத்தித் தோய்ச்சனான். இடுப்பு முறிஞ்சுபோச்சு.”

பொழுது சாயும் நேரம் மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் கூரை கனத்துத் தொங்கி, அம்மாவின் போர்வையில் சொட்டத் தொடங்கியது.

“முடிஞ்சுது அக்கா,” என்று தங்கை என் காதில் சொன்னாள்.

மழையைத் தடுக்கும் பூச்சு சவர்க்காரத்தோடு போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப நான்தான் ஓட்டை போட்டனோ?”

“ஓமம்மா,” என்றாள் தங்கை, “வாசமான ஓட்டை.”

“வாயைப் பார் இவளுக்கு!” அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வள்ளத்துச் சாமான்களை மூடும் தறப்பாளை எடுத்து, கூரைக்கு மேலே, புகைக்குழாயில் படாதபடி மரங்களுக்கு இடையில் கட்டினேன். அம்மா ஒரு மூலையைப் பிடித்தபடி மழைக்குள் நின்று முறைத்தார்.

“சண்டைக்குள்ள ஊரில தறப்பாளுக்குக் கீழ கிடந்தது காணும் எண்டுதானே இந்த நாட்டுக்கு வந்தனான். இஞ்சயும் கொண்டந்து கட்டுறாய்.”

சொட்டு நின்றது. அடுப்பைப் பற்றவைத்து, கூடாரத்தின் காற்றுத் துளையைத் திறந்துவிட்டேன். முதலில் அம்மாவின் ஜக்கெற் கழன்றது, பிறகு கம்பளித் தொப்பி, கடைசியில் காலுறை. தேநீர் கேட்டார். சீனி காணாது என்றார்.

காலையில், ஈரத் தறப்பாளை நான் மடிக்கும்போது, தங்கை கேட்பதற்கு முன்பே அம்மா சொன்னார்: “உள்ளுக்குள்ள குளிர் இல்லை. ஈரம் என்ர பிழை. என்ர பிழைக்கு உன்னை மறிக்க ஏலாது. ஆனா ஏரி உறைஞ்சா வீட்டிலதான், சொல்லிப்போட்டன்.”

கூடாரத்துக்குப் புதிதாகப் பூச்சுக் கொடுத்துக் காயவைத்தாயிற்று. ஏரி உறையாத வாரங்களில் தங்கை என்னோடு வருகிறாள். அம்மா வருவதில்லை, ஒரு தரம் வந்ததே காணுமாம்.